மீன் பங்கும் மின்சர் சமன்பாடும்

"ஒரு வருஷம் கூடப் படிச்சா சம்பளம் எவ்வளவு ஏறும்?" பொருளாதாரத்தில் அதிகம் அளக்கப்பட்ட கேள்விகளில் இது ஒன்று. 1974-ல் ஜேக்கப் மின்சர் எழுதிய புத்தகத்தில் இருக்கும் சமன்பாடுதான் இன்றைக்கும் அடிப்படை. சம்பளத்தின் மடக்கையை எடுத்து, அதைப் படித்த வருஷங்கள், அனுபவம், அனுபவத்தின் வர்க்கம் ஆகியவற்றோடு பொருத்திப் பார்க்கிறோம். படிப்புக்கு எதிரே வரும் எண்தான் விடை. உலக நாடுகளின் சராசரி சுமார் 9 சதவீதம் என்கிறார்கள். நாலு வருஷம் கூடப் படித்தால் கூட்டு வட்டி மாதிரி 41 சதவீதம். ஒரு கணக்குக்கு, 15,000 ரூபாய் சம்பளம் 21,000 ஆகும்.

இதையே பழவேற்காடு ஏரிக்கரை மீனவக் குப்பங்களுக்குப் போட்டுப் பார்ப்போம். பையனை டிப்ளமோ சேர்ப்பதா, படகில் ஏற்றுவதா என்று யோசிக்கிற வீட்டுக்கு இந்த 9 சதவீதம் என்ன சொல்லும்?

முதல் சிக்கல், அங்கே சம்பளம் என்று ஒன்று கிடையாது, பங்குதான். டீசல், ஐஸ் செலவு போக மிச்சம் இருப்பதைப் படகுக்கும் வலைக்கும் ஆளுக்கும் பிரிக்கிறார்கள். இந்தியாவின் தேசிய மாதிரி ஆய்வு பல பத்தாண்டுகளாகக் கூலியும் சம்பளமும் மட்டுமே கேட்டது. சுயதொழில் வருமானத்தைக் கேட்க ஆரம்பித்தது 2017-18-ல் தொடங்கிய தொழிலாளர் ஆய்வில்தான். அதனால் அந்தப் பழைய தரவை வைத்துச் சொன்ன 'இந்திய' மதிப்பீடுகளில் பங்குக்கு மீன் பிடிப்பவரும் இல்லை, கூடையில் மீன் விற்கும் பெண்களும் இல்லை.

இரண்டாவது, பாடு. ஏரியில் இறால் வலை போடும் இடங்களை முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு இது. அந்த உரிமை பிறந்த ஊரோடும் குடும்பத்தோடும் வருவது, டிகிரி வாங்கினால் கிடைக்காது. பாடு உள்ள வீட்டுப் பையன் பத்தாவதோடு நின்றும் நல்லா சம்பாதிக்கலாம். பாடு இல்லாதவன் வேற வழியில்லாமல் கூடப் படிக்கலாம். பாட்டைக் கணக்கில் சேர்க்காவிட்டால், படிப்பால் பலன் குறைவு என்று சமன்பாடு தப்பாகச் சொல்லும்.

மூன்றாவது, யார் படகில் தங்குகிறார்கள் என்பது. 1951-ல் ஆண்ட்ரூ ராய் ஒரு கட்டுரை எழுதினார். முயல் பிடிப்பது, மீன் பிடிப்பது என்று இரண்டே தொழில் உள்ள ஒரு கற்பனை ஊர். ஒவ்வொருவரும் தனக்குக் கைவந்ததைத் தேர்ந்தெடுப்பார்கள். அதனால் மீன் பிடிப்பவர்களின் சராசரியைப் பார்த்து, முயல் பிடிப்பவர் மீனுக்குப் போனால் என்ன சம்பாதிப்பார் என்று சொல்ல முடியாது. நீரோட்டமும் காற்றும் நன்றாகப் பிடிபட்டவன் படகிலேயே இருந்துவிடுகிறான். கம்பெனி வேலைக்குப் போனவனை அவனோடு ஒப்பிட்டால், நாம் அளப்பது படிப்பை மட்டும் அல்ல.

இதற்கு வழி, படிப்பு தானாக ஏறி இறங்கிய சந்தர்ப்பத்தைத் தேடுவது. இந்தோனேசியா 1973-க்குப் பிறகு 61,000-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளைக் கட்டியது. மாவட்டத்துக்கு மாவட்டம் எண்ணிக்கை மாறியதை வைத்து எஸ்தர் டுஃப்லோ வருஷத்துக்கு சுமார் 7 முதல் 11 சதவீதம் என்று கணித்தார். நம்ம ஊரில் 1982 சத்துணவுத் திட்டத்தை அப்படிப் பயன்படுத்தலாமா? கஷ்டம். கிராமங்கள் முழுக்க ஒரே சமயத்தில் வந்ததால், ஒப்பிட 'வராத ஊர்' இல்லை.

டேவிட் கார்டு மாதிரி கல்லூரிக்கு உள்ள தூரத்தை எடுக்கலாமா? பக்கத்துக் கல்லூரி பொன்னேரியில். ஆனால் பொன்னேரிக்குத் தூரமான ஊர், ஐஸுக்கும் மீன் சந்தைக்கும் தூரமாக இருக்க வாய்ப்பு அதிகம். தூரம் படிப்பை மட்டும் மாற்றினால்தான் அந்த முறை செல்லும். இங்கே அது மீன் விலையையும் சேர்த்து மாற்றும்.

அப்போ என்ன செய்யலாம்? சராசரியோடு நிற்காமல் ஏற்ற இறக்கத்தையும் அளக்கணும் என்பது என் கருத்து. முகத்துவாரம் மணலால் அடைபட்டால் இறால் வரத்து குறையும், புயல் எச்சரிக்கை வந்தால் கடலுக்குப் போக முடியாது. அந்த மாதங்களில் ஒரு அண்ணன் படகிலும் ஒரு தம்பி மாதச் சம்பளத்திலும் இருக்கிற வீடு தாங்கிக்கொள்ளும். படிப்பு அந்த வீட்டுக்குக் கொடுத்தது ஒரு காப்பீடு. மின்சர் எண்ணில் அது தெரியாது.

அடுத்த முறை 'படிப்பால் வருமானம் இத்தனை சதவீதம் உயர்வு' என்று படிக்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள். யாருடைய வருமானம் அளக்கப்பட்டது? அவர்களுக்கு வேற என்ன உரிமை இருந்தது? மோசமான மாதத்தில் எவ்வளவு வந்தது? பையனைப் பற்றி முடிவெடுக்கிற வீட்டுக்கு மூன்றாவது கேள்விதான் ரொம்ப முக்கியம்.