கட்டரின் சாய்வும் குழுக் கடனும்



தறிக்கு அடுத்து நம்ம வீட்டுப் பிள்ளைகள் போகிற வேலைகளில் பட்டறை வேலையும் ஒன்று. திருச்செங்கோட்டில் ரிக் வண்டி, நாமக்கல்லில் லாரி பாடி என்று நம்மைச் சுற்றியே அந்தத் தொழில் இருக்கிறது. "பையன் பட்டறைக்குப் பெரிய மில்லிங் மிஷின் வாங்கணும், கடன் குடுங்க" என்று குழுவில் மனு வந்தால், கையெழுத்துப் போடுகிற நமக்கும் விவரம் தெரிய வேண்டாமா? வேலை வேகமாக நடக்கப் பெரிய மிஷின்தான் வேண்டும் என்பதில்லை. சில வேலைக்கு கட்டரை மாற்றினாலே போதும்.

மில்லிங் மிஷினில் சுற்றுவது கட்டர். அதிலுள்ள பற்கள் இரும்பைச் சீவல் சீவலாக எடுக்கும். சாதாரண கட்டரில் பல்லின் விளிம்பு செங்குத்தாக நிற்கும். ஒரு பல்லுக்கு 0.2 மி.மீ. நகர்த்தினால் சீவலின் தடிமனும் 0.2 மி.மீ. அதற்கு மேல் வேகமாகத் தள்ளினால் பல் உடையும்.

ஹை ஃபீடு கட்டரில் அந்த விளிம்பு ஏறக்குறைய படுத்திருக்கும், சுமார் 10 டிகிரி சாய்வுதான். ஒரே கரண்டி மாவைச் சின்னதாக ஊற்றினால் தோசை தடிமன், பெரிசாக இழுத்தால் மெல்லிசு இல்லையா? அதே கதைதான். சீவல் நீள விளிம்பில் பரவி மெலிந்துவிடும். பல்லுக்கு 1 மி.மீ. நகர்த்தினாலும் தடிமன் 0.17 மி.மீ.தான். ஆனால் ஆழம் 1 மி.மீ. போலத்தான் எடுக்க முடியும். 4 மி.மீ. ஆழம் எடுத்த இடத்தில் கால்வாசி ஆழம், ஐந்து மடங்கு ஓட்டம். கணக்குப் போட்டால் ஒன்றேகால் மடங்கு இரும்பு வெளியே வருகிறது.

இன்னொரு லாபமும் உண்டு. உலக்கையைப் பக்கவாட்டில் தள்ளினால் ஆடும், நெட்டுக்குத்தலாக அழுத்தினால் ஆடாது. இந்த கட்டரில் விசை பெரும்பாலும் மேல்நோக்கி, மிஷினின் தண்டுக்குள்ளேயே போகிறது. அதனால் ஆழமான அச்சுக் குழிக்குள் நீட்டி வேலை செய்தாலும் அதிர்வு குறைவு.

ஆனால் கையால் ஓட்டுகிற பழைய மிஷினுக்கு இது ஆகாது. நாலு பல் கட்டர் நிமிஷத்துக்கு 1,000 சுற்று சுற்றினால், மேஜை நிமிஷத்துக்கு 4 மீட்டர் ஓட வேண்டும். "மெதுவா ஓட்டினா பத்திரம்"னு நினைப்பதும் தப்பு. சீவல் ரொம்ப மெலிந்து, பல் வெட்டாமல் உரசி மழுங்கிவிடும். செங்குத்துச் சுவரை முடிக்க வேறு கட்டர் தனியாக வேண்டும்.

மனு வந்தால் இவற்றைக் கேளுங்கள். இருக்கிறது சி.என்.சி. மிஷினா? மேஜை எவ்வளவு வேகம் ஓடும்? கட்டருக்கும் டிப்புக்கும் தனி, மிஷினுக்குத் தனி என இரண்டு கொட்டேஷன் வாங்கி மனுவோடு வைக்கச் சொல்லுங்கள்.