விளையாட்டுக்குள் சினிமா – 7: பலவீனம் என்றொரு ஆயுதம்

1996ஆம் ஆண்டு. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஒரு கடற்கரை. மணலில் புதைந்து கிடந்த பழைய பலகை விளையாட்டைக் கண்டெடுத்து மகன் அலெக்ஸிடம் கொடுக்கிறார் அப்பா. இந்தக் காலத்தில் இதையெல்லாம் யார் விளையாடுகிறார்கள் என்று ஓரமாக வைத்துவிட்டு, வீடியோ கேமில் மூழ்கிவிடுகிறான் பையன். இரவில் அந்தப் பெட்டிக்குள்ளிருந்து முரசொலி கேட்கிறது. திறந்தால் ஒரு கேம் கார்ட்ரிட்ஜ் இருக்கிறது. காலம் மாறியதைப் புரிந்துகொண்டு, அந்த விளையாட்டே தன் உருவத்தை மாற்றிக்கொண்டுவிட்டது! அதைச் செருகிய அலெக்ஸ் காணாமல் போகிறான்.

2017 டிசம்பரில் வெளியான ‘ஜுமான்ஜி: வெல்கம் டு த ஜங்கிள்’ இப்படித்தான் தொடங்குகிறது. கிறிஸ் வான் ஆல்ஸ்பர்க் 1981இல் வெளியிட்ட சிறுவர் படநூல்தான் மூலம். 1995இல் ராபின் வில்லியம்ஸ் நடித்த முதல் படத்தில் காடு வீட்டுக்குள் புகுந்தது. இயக்குநர் ஜேக் காஸ்டன் அதைத் தலைகீழாக்கினார். இங்கே பிள்ளைகள் காட்டுக்குள் போகிறார்கள்.

சென்ற வாரம் பார்த்த ‘ட்ரான்’ படத்தில் கணினி உலகம் ஒரு பிரமிப்பு. ஆனால் பிரமிப்பை மட்டும் நம்பி ஒரு கதையை நெடுந்தூரம் இழுத்துச் செல்ல முடியாது. விளையாட்டுக்குள் நடப்பதால் எதுவும் நடக்கலாம் என்றாகிவிட்டால், பார்ப்பவருக்குப் பதற்றமே வராது. இந்தப் படத்தின் திரைக்கதை அந்தப் பள்ளத்தில் விழவில்லை. விளையாட்டின் விதிகளை அது கடைசிவரை மதிக்கிறது.

பள்ளியில் தண்டனை வாங்கிய நான்கு மாணவர்கள் நிலவறையில் அந்த கேமைக் கண்டுபிடிக்கிறார்கள். ஆளுக்கொரு பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்ததும் உள்ளே இழுக்கப்படுகிறார்கள். கூடு விட்டுக் கூடு பாய்வது நம் கதைகளில் ஊறிய சங்கதி. ஆனால் அங்கே பாய்கிறவருக்கு எந்த உடல் என்று தெரியும், இவர்களுக்குத் தெரியாது. எதற்கெடுத்தாலும் பயப்படும் ஸ்பென்சர், மலைபோன்ற டுவைன் ஜான்சன் ஆகிறான். ஆஜானுபாகுவான கால்பந்து வீரன் ஃபிரிட்ஜ், குள்ளமான கெவின் ஹார்ட் ஆகிறான். கூச்ச சுபாவமுள்ள மார்த்தா, சண்டைக்காரி கேரன் கில்லன் ஆகிறாள். செல்ஃபியே கதி என்றிருக்கும் பெத்தனி, தொப்பையும் தாடியுமாக ஜாக் பிளாக் ஆகிறாள். ஒரு பதினாறு, பதினேழு வயதுப் பெண்ணின் நடையையும் சிணுங்கலையும் கேலிச்சித்திரமாக்காமல் ஜாக் பிளாக் நடித்திருக்கும் விதம், நகைச்சுவை நடிப்பில் ஒரு பாடம்.

விதிகள் இரண்டு. ஒன்று, ஒவ்வொருவருக்கும் மூன்று உயிர். மணிக்கட்டில் மூன்று கோடுகள். செத்தால் ஒரு கோடு அழியும், ஆள் வானத்திலிருந்து வந்து விழுவார். மூன்றும் போனால் ஆட்டம் முடிந்தது. இரண்டு, ஒவ்வொருவருக்கும் பலங்கள், பலவீனங்கள் என ஒரு பட்டியல். ஜான்சனுக்குப் பலவீனமே கிடையாது. கில்லனுக்கு விஷம் ஆகாது. ஹார்ட்டுக்குக் கேக் ஆகாது.

கேக் விஷயம் வெறும் சிரிப்புக்கென்றுதான் தோன்றும். சந்தையில் தெரியாமல் ஒரு வாய் தின்றுவிட்டு, தனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று அவர் நிம்மதியடையும் நேரத்தில் வெடித்துச் சிதறுகிறார். தியேட்டர் சிரிக்கும். ஆனால் எழுத்தாளர்கள் அங்கே ஒரு வேலையை முடித்துக்கொள்கிறார்கள். பட்டியலில் உள்ளதெல்லாம் நிஜம், எழுதியது எழுதியபடி நடக்கும் என்று நமக்கு உறுதியாகிவிடுகிறது.

இனி உயிர்களை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று பாருங்கள். முதல் மரணம் விபத்து. பெத்தனியை நீர்யானை விழுங்குகிறது. கேக்கால் நேர்வது அசட்டுத்தனம். பிறகு அலெக்ஸ் வருகிறான். வெளியே இருபது ஆண்டுகள் ஓடியிருக்க, தான் வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன என்று நம்பிக்கொண்டிருப்பவன். அவன் பலவீனம் கொசு. கடைசி உயிரும் பிரியும் நேரத்தில், தன்னைத் தவிர வேறெதையும் நினைத்தறியாத பெத்தனி அவனுக்கு மூச்சு ஊதித் தன் உயிரில் ஒன்றைக் கொடுக்கிறாள். அவள் கையில் ஒரு கோடு குறைகிறது.

உச்சக்கட்டத்தில் மார்த்தா பாம்புகளுக்கு நடுவே நிற்கிறாள். சிலையில் பதிக்க வேண்டிய ரத்தினக்கல் அவள் கையில், எதிரில் வில்லன். கல்லைப் பதிக்க வேண்டிய ஸ்பென்சரோ எட்டாத உயரத்தில். அவள் வேண்டுமென்றே பாம்பிடம் கடிபடுகிறாள். செத்து, கல்லோடு வானத்திலிருந்து விழுந்து, அவனிடம் சேர்க்கிறாள். எது அவள் பலவீனமோ அதுவே அவள் ஆயுதம். விபத்தில் தொடங்கிய மரணம், தியாகமாகி, இறுதியில் துணிந்து எடுக்கும் முடிவாகிறது. அடிதடிக் காட்சிகளுக்கு அடியில் நான்கு பேர் வளர்ந்த கதை இதுதான். இதைச் சொல்ல ஒரு பிரசங்கம்கூடத் தேவைப்படவில்லை.

ஸ்பென்சரின் இடமும் முக்கியம். பலவீனமே இல்லாத உடல் கிடைத்தும், ஒரே உயிர் மிஞ்சியதும் நடுங்கிப்போகிறான். எல்லோருக்கும் எப்போதும் ஒரு உயிர்தானே என்கிறான் நண்பன். அந்தப் பதில்தான் படத்தின் உயிர்நாடி. தைரியம் என்பது புஜத்தில் இல்லை என்று அந்தப் புஜங்களையே வைத்துப் புரியவைக்கிறார்கள்.

‘ஸ்டார் வார்ஸ்: த லாஸ்ட் ஜெடை’ வெளியான ஐந்தாம் நாளில் வந்த இந்தப் படம், ஜனவரியில் அமெரிக்க வசூலில் முதலிடத்துக்கு ஏறியது. உலக அளவில் 95 கோடி டாலரைத் தாண்டியது. கிராஃபிக்ஸ் மட்டும் இதைச் சாதித்திருக்காது. தன் விதிகளுக்கு நேர்மையாக இருக்கும் கதையை ரசிகர்கள் நம்புகிறார்கள்; நம்பினால்தான் சிரிக்கவும் முடியும், பதறவும் முடியும். கற்பனை உலகம் எவ்வளவு பெரிதோ, விதி அவ்வளவு கறாராக இருக்க வேண்டும். கதை எழுத நினைக்கும் இளைஞர்கள் இந்தப் படத்தைக் கையில் பேனாவோடு ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

வெளியிலிருந்து ஆட்டத்துக்குள் போனவர்களைப் பார்த்தோம். ஆட்டத்துக்குள்ளேயே பிறந்தவன், அது ஆட்டம் என்று தெரியாமலே வாழ்கிறவன் என்ன ஆவான்? அடுத்த வாரம், 2021இல் வந்த ‘ஃப்ரீ கை’.

(தொடரும்)