கார்புரேட்டர் கைப்பழக்கம் – 7
கடல் தாண்டினால் கலவை மாறும்

ஃப்ளோட் மட்டத்தைப் போன வாரமே பார்த்துவிட்டோம். அது சரியில்லாத வண்டியில் இனி சொல்வது எதுவும் பலிக்காது. விட்டவர்கள் பழைய இதழைத் தேடிப் படியுங்கள்.

இந்த வாரம் ஊசியின் கிளிப் பற்றி எழுத வேண்டும். அதற்குள் ஒரு சங்கதி என்னைப் பிடித்துக்கொண்டது. 2019 ஏப்ரல் 1 முதல் எத்தனால் கலந்த பெட்ரோலை நாடு முழுக்க விரிவாக்கினார்களே, அப்போது இரண்டு இடங்களை மட்டும் விட்டுவிட்டார்கள். ஒன்று லட்சத்தீவு. இன்னொன்று நம் அந்தமான் நிக்கோபார்!

திக்லிபூரில் பழைய புல்லட் வைத்திருப்பவருக்கு இது சும்மா செய்தி இல்லை. எத்தனால் தனக்குள்ளேயே ஆக்சிஜன் வைத்திருக்கிறது. எரிய வெளிக்காற்று குறைவாகப் போதும். சுத்தமான பெட்ரோல் ஒரு கிராமுக்கு 14.7 கிராம் காற்று வேண்டும். 20 சதவீதம் எத்தனால் சேர்ந்தால் சுமார் 13.5 போதும். ஆக, சென்னையில் அந்தப் பெட்ரோலுக்கு ட்யூன் செய்த வண்டி கப்பலேறி வந்து சுத்தப் பெட்ரோல் குடித்தால், தேவைக்கு மேல் எட்டு, ஒன்பது சதவீதம் ஊற்றும். ஐட்லிங் கனத்துப்போகும், பிளக் கரியாகும். மெக்கானிக் மேல் பழி போடுவதில் அர்த்தமில்லை.

எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கும் குணமும் உண்டு. அளவு மீறினால் தண்ணீரோடு பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். குழாய் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவில் மழை கொட்டும் ஊரில் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. அதனால், பங்கில் என்ன பெட்ரோல் என்று கேட்டுவிட்டு ஏர் ஸ்க்ரூவைத் தொடுங்கள்.

இனி வேலை. ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்து, வண்டியை நன்றாகச் சூடேறும்வரை ஓட்டிவிட்டு வாருங்கள். ஏர் ஸ்க்ரூ கார்புரேட்டரின் பக்கவாட்டில், ஃபில்டரை ஒட்டி இருக்கும். மெல்ல உள்ளே திருகி, முட்டியதும் நிறுத்துங்கள். இறுக்கினால் பித்தளை முனை தேய்ந்து ஸ்க்ரூ பாழ். அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து எஞ்சினைப் போடுங்கள். கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பிக் காது கொடுங்கள். வெளியே வந்தால் காற்று கூடும், உள்ளே போனால் பெட்ரோல் கூடும். ஐட்லிங் எங்கே உச்சத்துக்கு ஏறிச் சீராக நிற்கிறதோ அதுதான் இடம். பிறகு ஐட்லிங் ஸ்க்ரூவால் வேகத்தை இறக்கிக்கொள்ளலாம். புதுசான சிவி கார்புரேட்டர்களில் ஸ்க்ரூ எஞ்சின் பக்கம் இருக்கும். அதில் எல்லாம் தலைகீழ், வெளியே எடுத்தால் பெட்ரோல் கூடும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

திக்லிபூரிலிருந்து தலைநகர் ஸ்ரீ விஜயபுரத்துக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் சாலை. இந்தத் திருகல் கைவந்தால் அந்த அலைச்சல் மிச்சம்.

கிளிப் அடுத்த வாரம் நிச்சயம். அதற்குள் பிளக்கைக் கழற்றி நிறம் பார்த்து வையுங்கள்: காப்பிப்பொடி நிறமா, கரியா, வெளுப்பா? அங்கிருந்துதான் தொடங்கப்போகிறேன்.