எதற்குக் கைதட்டுகிறோம்?



காதல் சிறிது, நகைச்சுவை சிறிது, தாய்ப்பாசம், தங்கைப் பாசம், ஐந்தாறு பாடல்கள், இடையிடையே சண்டைகள். இவற்றை அளவறிந்து கலந்து இரண்டரை மணி நேரத்தில் பரிமாறுவதால்தான் மசாலாப் படம் என்று பெயர் வந்தது. நம் வீட்டில் எவரும் அவற்றைப் பார்ப்பதில்லை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் தெருமுனையில் நிற்கும் நம் சிறுவன் எவருடைய நடையை நடந்து காட்டுகிறான் என்று கவனித்தால் உண்மை விளங்கிவிடும்.

1995 பொங்கலுக்கு வெளிவந்த 'பாட்ஷா'வை எடுத்துக்கொள்வோம். சுரேஷ் கிருஷ்ணா இயக்கத்தில் ரஜினிகாந்த் நடித்த இப்படம், 2017-இல் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தது. அன்று தந்தையர் விசிலடித்த காட்சிகளுக்கே பிள்ளைகளும் விசிலடித்தனர்.

பொறுமையின் பலம்

கதாநாயகன் மாணிக்கம் ஆட்டோ ஓட்டுநர். வன்முறையைத் துறந்து, தம்பி தங்கையரை ஆளாக்குவதற்காக அடங்கி வாழ்பவன். கம்பத்தில் கட்டி வைத்து அடிக்கும்போதும் திருப்பி அடிப்பதில்லை. பின்னர்த் தங்கைக்குத் துன்பம் நேரும்போதுதான் அவன் கை ஓங்குகிறது. அரங்கம் அதிர்கிறது.

சற்றே சிந்தியுங்கள். முன்னர் அவன் காத்த பொறுமை இல்லையென்றால் அந்த அடிக்கு அத்தனை வலிமை ஏது? படத்தின் பாதிச் சுமையைத் தாங்கி நிற்பது சபுர்தான். ஆயினும் சிறுவர்கள் வீட்டுக்கு எடுத்து வருவது ஓங்கிய கையை மட்டுமே.

பெயர் மட்டும் போதுமா?

இன்னொன்றும் உண்டு. 'பாட்ஷா' என்பது கொல்லப்பட்ட நண்பன் அன்வர் பாட்ஷாவின் பெயர். அதைத் தன் பெயரோடு சேர்த்து 'மாணிக் பாட்ஷா' ஆகிறான் நாயகன். தமிழகமே ஒரு முஸ்லிம் பெயரை அன்போடு உச்சரித்தது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அந்த அன்வர் திரையில் நிற்பது சிறிது நேரம்தான். கதையைத் திருப்பிவிட்டு அவன் மறைந்துவிடுகிறான்.

பின்னாளில் 2012-இல் 'துப்பாக்கி'யும் 2013-இல் 'விஸ்வரூப'மும் முஸ்லிம்களைத் தீவிரவாதிகளாகச் சித்திரிப்பதாக எதிர்ப்புகள் எழுந்ததை அறிவீர்கள். உயிர்விடும் நண்பன், உயிர் பறிக்கும் தீவிரவாதி என்னும் இருவருக்கும் நடுவே, காலையில் கடை திறந்து, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்குக் கணக்குப் பார்க்கும் முஸ்லிம் தந்தைக்கு மசாலாப் படங்களில் இடம் மிகக் குறைவு. இதை நம் பிள்ளை கவனிக்கிறான். வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவே.

வீட்டில் ஒரு பேச்சு

தடுப்பதோடு கடமை முடிந்துவிடாது. பார்த்துவிட்டு வந்த பிள்ளையைக் கடிந்து வாயடைத்துவிட்டால், படம் சொன்னதே அவனுக்கு இறுதிச் சொல்லாகிவிடும். உணவருந்தும் வேளையில் அருகில் அமர்த்திக் கேளுங்கள்: "நீ எந்த இடத்தில் கைதட்டினாய்? ஏன்? அதில் வந்த நம்மவர் நம் தெருவில் இருப்பவர்களைப் போல் இருந்தாரா?"

பதில் தடுமாறி வரலாம். வரட்டும். அந்தத் தடுமாற்றத்தில்தான் பார்வையாளன் சிந்தனையாளனாக வளரத் தொடங்குகிறான்.