சொட்டுற இடம் ஒண்ணு, ஓட்டை இருக்கிற இடம் ஒண்ணு!



ரிப்பேர் வேலை என்றாலே, "அது ஆம்பளைங்க சமாச்சாரம்" என்று ஒதுங்கிக்கொள்வது நம்மில் பலருக்கும் பழக்கம். ஆனால், தண்ணீர் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க ஸ்பானரை விடப் பொறுமைதான் அதிகம் வேண்டும். பால் பொங்கும்வரை அடுப்படியில் நின்று பழகிய நமக்கு அது இல்லாமலா போய்விடும்? அந்த தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், லீசெஸ்டரில். இங்கே 'கேம்பர்வேன்' என்று ஒரு வண்டி உண்டு. சக்கரம் வைத்த சின்ன வீடு என்று வைத்துக்கொள்ளுங்களேன். படுக்கை, கேஸ் அடுப்பு, சிங்க், குட்டி ஃப்ரிட்ஜ், டாய்லெட் எல்லாம் உள்ளேயே இருக்கும். பாத்திரம் தேய்த்த தண்ணீர் போய்ச் சேர ஒரு டேங்க். குடிக்க, சமைக்க நல்ல தண்ணீருக்குத் தனியாக ஒரு டேங்க். எங்கள் வண்டியில் நல்ல தண்ணீர் டேங்க் 70 லிட்டர். பின் சீட்டுக்கு அடியில், பெட்டிக்குள் இருக்கிறது.

இந்த வண்டியை செகண்ட்ஹேண்டில் வாங்கியதே என் மாமியாருக்காகத்தான். மதுரைப் பக்கத்திலிருந்து வந்து எங்களோடு சில மாதம் இருப்பார். எழுபது தாண்டியவர். சர்க்கரை, முழங்கால் வலி இரண்டும் உண்டு. வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. அடிக்கடி பாத்ரூம் போகவேண்டும். காரில் கூப்பிட்டால், "நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் வீட்டுல இருக்கேன்" என்றுவிடுவார். வேன் வந்த பிறகுதான் எங்களோடு கிளம்பினார். ஆக, டேங்க்கில் தண்ணீர் நிற்கவில்லை என்றால் எங்கள் வீட்டில் பெரியவருக்குப் பயணமே கிடையாது.

போன வருடம், பிள்ளைகளின் அக்டோபர் விடுமுறைக்கு ஸ்காட்லாந்து போகலாம் என்று திட்டம். கிளம்ப இரண்டு வாரம் இருக்கையில், வேனின் பக்கவாட்டுக் கதவு ஓரம் விரித்திருந்த மேட் சொதசொதவென்று ஈரமாக இருந்தது. ஒரு ஒர்க்ஷாப்பில் காட்டினோம். டேங்க்கை நிரப்பினார்கள், ஐந்து நிமிடம் டார்ச் அடித்துப் பார்த்தார்கள், "டேங்க் அடியில் விரிசல். புது டேங்க்தான் போடணும்" என்று சொல்லிவிட்டார்கள். கூலியோடு சேர்த்து 600 பவுண்டு. அதுவும் மூன்று வாரம் கழித்துத்தான் வண்டியை எடுப்பார்களாம்!

என் கணவர் சோர்ந்துபோய், "சரி விடு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். மாமியார் மட்டும் அசரவில்லை. "நம்ம பழைய ஓட்டு வீட்டுல மழைத் தண்ணி அடுப்படியில சொட்டும். மேல ஏறிப் பாத்தா ஓடு உடைஞ்சது நடு ரூமுக்கு மேல! தண்ணி சட்டத்தைப் புடிச்சிக்கிட்டே ஓடிவந்து வேற எடத்துல விழும். சொட்டுற இடம் ஒண்ணு, ஓட்டை இருக்கிற இடம் ஒண்ணு. பொறுமையாப் பாருங்க" என்றார்.

"அத்தை சொல்றது சரிங்க. ரெண்டு நாள் நாமே பாப்போம்" என்றேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வாசலில் வண்டியை நிறுத்தி நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை, கரண்ட். வெளியிலிருந்து வரும் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டோம். பல வண்டிகளில் பேட்டரியும் சீட்டுக்கு அடியில்தான் இருக்கும். ஈரமும் கரண்டும் சேர்ந்த இடத்தில் கை வைக்கக்கூடாது. எங்கள் வண்டியில் பேட்டரி டிரைவர் சீட்டுக்கு அடியில், காய்ந்த இடத்தில் இருந்தது நல்லதாகப் போயிற்று.

இரண்டாவது, அது எந்தத் தண்ணீர்? ஜன்னல் ரப்பர் வழியாக இறங்கிய மழைத் தண்ணீராக இருக்கலாம். சிங்க்கிலிருந்து போகும் கழிவுத் தண்ணீராக இருக்கலாம். குளிர்ந்த தண்ணீர் நிறைந்த டேங்க் மேல் வியர்வை போல முத்து முத்தாகப் பூத்து வழியும் நீராகக்கூட இருக்கலாம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் வியர்க்குமே, அது போல! இதைப் பிரித்துப் பார்க்க, கேக்கில் சேர்க்கும் சிவப்பு கலரைக் கொஞ்சம் டேங்க் தண்ணீரில் கலந்தோம். எல்லா இடத்தையும் துணியால் துடைத்துக் காயவைத்து, ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கு அடியிலும் டிஷ்யூ பேப்பர் வைத்து, 1, 2, 3 என்று நம்பர் போட்டோம். சாயங்காலம் கதவோரம் வைத்த பேப்பர் இளஞ்சிவப்பாக மாறியது. மழையும் இல்லை, வியர்வையும் இல்லை, டேங்க் தண்ணீரேதான்.

மூன்றாவது, பம்ப்பைக் காதால் கேட்பது. எங்கள் வண்டியில் இருப்பது 12 வோல்ட் பம்ப். குழாயைத் திறந்தால் ஓடும், மூடினால் பைப்பில் அழுத்தம் ஏறியதும் தானாக நின்றுவிடும். எல்லாக் குழாயையும் மூடி, பம்ப் ஸ்விட்சை மட்டும் போட்டு ஒரு மணி நேரம் சத்தம் போடாமல் இருக்கவேண்டும். இடையிடையே 'டுர்ர்' என்று பம்ப் ஓடினால், பம்ப்புக்கு அப்பால் உள்ள பைப், குழாய், வெந்நீர் பாய்லர் இவற்றில் எங்கோ கசிகிறது, அல்லது பம்ப்பில் உள்ள வால்வு தேய்ந்து தண்ணீர் டேங்க்குக்கே திரும்புகிறது என்று அர்த்தம். எங்கள் பம்ப் ஒரு முறைகூட முனகவில்லை. பாதி வண்டி இதிலேயே தப்பித்தது! (குழாயைத் திறந்தால் மட்டும் கரண்ட் போகும் வகை பம்ப்பும் உண்டு. அதற்கு இந்தச் சோதனை செல்லாது.)

நான்காவதுதான் முக்கியமானது. பம்ப்பை நிறுத்தி, டேங்க்கை முழுக்க நிரப்பினோம். வெளுத்த பிளாஸ்டிக் ஆகையால் தண்ணீர் மட்டம் வெளியிலிருந்தே தெரியும். அந்த மட்டத்தில் ஒரு டேப் ஒட்டி, மணியையும் எழுதினோம். மறுநாள் காலை பார்த்தால் மட்டம் நான்கு விரல் இறங்கியிருந்தது. சாயங்காலம் மறுபடி பார்த்தோம். அதற்குக் கீழே ஒரு நூல்கூட இறங்கவில்லை!

இதில் என்ன தெரிகிறது? அடியில் விரிசல் என்றால் தண்ணீர் நிற்காமல் இறங்கிக்கொண்டேயிருக்கும். ஒரு மட்டத்தில் வந்து நிற்கிறது என்றால், ஓட்டை அந்த மட்டத்தில்தான் இருக்கிறது. சரியாக அந்த உயரத்தில், டேங்க்கின் பின்பக்கம், வெளியிலிருந்து தண்ணீர் ஊற்றும் தடித்த ஹோஸ் வந்து சேருகிறது. அங்கே வைத்த 4-ம் நம்பர் பேப்பர் ரத்தச் சிவப்பாக இருந்தது. கிளிப் துருப்பிடித்துத் தளர்ந்து, ஹோஸின் நுனி காய்ந்து வெடித்திருந்தது. தண்ணீர் டேங்க்கின் பின்புறமாக வழிந்து, அடியில் போய், தரையின் பள்ளம் வழியாகக் கதவோரம் சேர்ந்திருக்கிறது. அதனால்தான் பார்த்தவுடன் அடியில் விரிசல் போலத் தெரிந்திருக்கிறது.

சரிசெய்ய எவ்வளவு நேரம் என்கிறீர்கள்? அரை மணி. தண்ணீரை அந்த ஜாயின்ட்டுக்குக் கீழே இறக்கி, ஹோஸைக் கழற்றி, வெடித்த நுனியை ஒரு அங்குலம் வெட்டினார் என் கணவர். மீதி நீளம் போதுமானதாக இருந்தது. நுனியைக் கொஞ்ச நேரம் வெந்நீரில் வைத்தேன். ரப்பர் போல இளகி, சிரமமில்லாமல் உள்ளே ஏறியது. துருப்பிடிக்காத ஸ்டீல் கிளிப் இரண்டு, சுமார் 5 பவுண்டு. அவ்வளவுதான் செலவு. மறுபடி நிரப்பி, டேப் ஒட்டி, ஒரு ராத்திரி விட்டோம். மட்டம் அசையவில்லை. கலர் போக இரண்டு முறை கழுவி, குடிநீர் டேங்க்குக்கென்று விற்கும் மாத்திரை போட்டுச் சுத்தம் செய்த பிறகே குடிக்கப் பயன்படுத்தினோம்.

ஈரமான மேட்டையெல்லாம் எடுத்து, நான்கு நாள் ஹீட்டர் வைத்துத் தரையைக் காயவைத்தோம். தரை பிளைவுட். ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டினால் 'டொக்' என்று கெட்டியாகக் கேட்கவேண்டும். மெத்தென்று அமுங்கினால் உளுத்துவிட்டது என்று பொருள். எங்களுக்கு முதலிலேயே தெரிந்ததால் தரை பிழைத்தது. இன்னும் ஒரு குளிர்காலம் அப்படியே விட்டிருந்தால், டேங்க்கை விடத் தரைக்குத்தான் பெரிய செலவு வந்திருக்கும்.

நிஜமாகவே டேங்க்கில் விரிசல் இருந்தால்? இந்த டேங்க்குகள் பெரும்பாலும் பாலிஎதிலீன் என்ற பிளாஸ்டிக். இதில் சிலிக்கானும் பசையும் சரியாக ஒட்டாது; ஒட்டினாற்போல் இருந்து சில நாளில் உரிந்துவிடும். அதே வகை பிளாஸ்டிக் குச்சியை உருக்கி வெல்டிங் செய்பவரிடம்தான் கொடுக்கவேண்டும். விரிசல் மேலும் ஓடாமலிருக்க, இரண்டு நுனியிலும் சின்னத் துளை போட்டுவிட்டு வெல்டிங் செய்வார்கள். அவுட்லெட் பைப்பைச் சுற்றிக் கசிந்தால், பெரும்பாலும் வாஷர்தான் போயிருக்கும். புது வாஷர் போட்டு, டெஃப்லான் டேப்பை மரை சுற்றும் திசையிலேயே சுற்றி, அளவாக முறுக்கவேண்டும். பலம் காட்டி முறுக்கினால் பிளாஸ்டிக் பிளந்து, இல்லாத விரிசலை நாமே உண்டாக்கியதாகிவிடும்.

டேங்க்கைக் கட்டியிருக்கும் பட்டியையும் பாருங்கள். 70 லிட்டர் தண்ணீர் என்றால் 70 கிலோ. ஒரு ஆள் எடை! பட்டி தளர்ந்து, வண்டி குலுங்கும்போதெல்லாம் டேங்க் ஆடினால், அந்த ஆட்டமெல்லாம் ஜாயின்ட்டில்தான் போய் விழும்.

எல்லாச் சொட்டும் ஒழுகலும் அல்ல. டேங்க் நிறைந்திருக்கும்போது பிரேக் போட்டால், காற்றுப் போகும் குழாய் வழியாகக் கொஞ்சம் சிந்தும், அது குற்றமில்லை. ஸ்காட்லாந்தில் க்ளென்கோ பக்கம் தங்கியபோது, ஒரு விடியற்காலையில் வண்டிக்கு அடியில் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்து, "அம்மா, திரும்பவும் ஒழுகுது!" என்று என் பையன் கத்தினான். போய்ப் பார்த்தால் ஹோஸ் ஜாயின்ட் காய்ந்துதான் இருந்தது. வெந்நீர் பாய்லரில் ஒரு பாதுகாப்பு வால்வு இருக்கிறது. குளிர் சுமார் 3 டிகிரிக்கு இறங்கினால் அது தானாகத் திறந்து தண்ணீரை வெளியேற்றிவிடும். தண்ணீர் உறைந்தால் நூற்றுக்கு 9 பங்கு போல விரியும், பாய்லர் வெடித்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. வண்டிக்குள் சூடேற்றி, வால்வை மூடி, மறுபடி தண்ணீர் பிடித்தோம். அத்தை தன் கையால் சுக்கு காபி போட்டுக் கொடுக்க, மலையைப் பார்த்தபடி உட்கார்ந்து குடித்தோம்.

இதே காரணத்தால், குளிர்காலத்தில் வண்டியைச் சும்மா நிறுத்தும்போது டேங்க், பம்ப், பாய்லர் எல்லாவற்றையும் காலி செய்து, குழாய்களைத் திறந்தே வைக்கவேண்டும்.

"எங்களுக்கு ஏது வேன்?" என்கிறீர்களா? மொட்டை மாடியில் டேங்க் இருக்கிறதே! அங்கேயும் இதே கணக்குதான். ராத்திரி மோட்டார் போடாமல், டேங்க்கிலிருந்து வீட்டுக்கு இறங்கும் வால்வை மூடிவிட்டு, உள்ளே தண்ணீர் மட்டத்தை ஒரு நீளக் குச்சியால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். (பிள்ளைகளை மேலே ஏற்றவேண்டாம்.) காலையில் மட்டம் இறங்கியிருந்தால் கோளாறு டேங்க்கிலோ அதன் ஜாயின்ட்டிலோ. இறங்காமல் இருந்து, வால்வைத் திறந்து வைக்கும் ராத்திரியில் மட்டும் இறங்கினால், கோளாறு கீழே வீட்டுப் பைப்பிலோ குழாயிலோ ஃப்ளஷ் டேங்க்கிலோ இருக்கிறது. எந்த மட்டத்தில் வந்து நிற்கிறது என்று பார்த்தால், பிளம்பர் வருமுன்பே பாதி விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். "டேங்க்கே போச்சு, புதுசு வாங்கணும்" என்று யாராவது சொன்னால், "எந்த மட்டத்துல ஒழுகுதுன்னு காட்டுங்க" என்று தைரியமாகக் கேளுங்கள்.

- ஒரு வாசகி, லீசெஸ்டர், இங்கிலாந்து.