வேலையை விடாதே அக்கா!

மூட்டு வலி என்றால் வயதானவர்களுக்கு வருவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நாற்பது வயதில் என் அக்காவுக்கு வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. சகோதரிகள் யாருக்காவது உதவுமே என்று எழுதுகிறேன்.

அக்கா ஒரு ஜவுளிக்கடையில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறாள். பட்டுப்புடவை செக்‌ஷன். அவள் சம்பளத்தில்தான் இரண்டு பிள்ளைகளின் படிப்பு ஓடுகிறது. ஒரு மார்கழி மாதம் வாசலில் உட்கார்ந்தவள், கோலப்பொடியை விரலால் எடுக்க முடியாமல் எழுந்து வந்துவிட்டாள். அதற்குப் பிறகு தினமும் காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல்களை மடக்கவே முடியாது. பத்து மணிக்கு மேல்தான் கொஞ்சம் தேவலாம். பக்கத்து வீட்டு அம்மா, "வாதம்டி, எண்ணெய் தடவு" என்றார். எண்ணெயும் மெடிக்கல் ஷாப் வலி மாத்திரையுமாக ஆறு மாதம் வீணாகப் போனது.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு, முடக்குவாதம், அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ் என்றார் டாக்டர். இது எலும்புத் தேய்மானம் இல்லையாம். உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டுகளைத் தாக்குகிறதாம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறதாம். சீக்கிரம் மருந்து ஆரம்பித்தால் மூட்டு கோணாமல் காப்பாற்றலாம் என்றார். மெத்தோட்ரெக்சேட் மாத்திரை கொடுத்து, "வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான். தவறிக்கூட தினமும் போட்டுடாதீங்க" என்று இரண்டு முறை சொன்னார். மருந்து வேலை செய்ய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும், அதுவரை பொறுமை வேண்டும், அவ்வப்போது ரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டும் என்றார்.

கடையில் யார் பொறுமையாக இருப்பார்கள்? லீவு கூடியது. காலையில் லேட். நாள் முழுக்க நின்றால் பாதம் வீங்கியது. ஏணியில் ஏறி மேல் தட்டுப் புடவையை எடுக்க முடியவில்லை. "முடியலேன்னா நின்னுக்கோம்மா" என்றார் சூப்பர்வைசர். வீட்டில் அம்மாவும் நானும்கூட, "வேலையை விட்டுடு, உடம்புதான் முக்கியம்" என்றோம்.

அக்கா சொன்னாள்: "விட்டுட்டா மாத்திரைக்கு யாருடி காசு குடுப்பா? இந்த விரலை வெச்சுக்கிட்டு நாளைக்கு வேற எந்தக் கடையில சேர்த்துப்பாங்க?" எனக்குச் சுருக்கென்றது.

அன்று ராத்திரி இருவரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினோம். ஒரு பக்கம், முடியாதவை: ஏணி, தொடர்ந்து நிற்பது, கட்டுத் தூக்குவது, காலை ஒன்பது மணி. இன்னொரு பக்கம், முடிந்தவை: புடவைக்கு ஜாக்கெட் துணி மேட்ச் செய்வது, பில் போடுவது, வாடிக்கையாளரிடம் பேசி வாங்க வைப்பது. இரண்டாவது பக்கம்தான் நீளமாக இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அக்கா முகம் தெளிந்தது.

அந்தத் தாளோடும் டாக்டர் சீட்டோடும் முதலாளியைப் பார்த்தோம். "இரக்கம் காட்டுங்க" என்று கேட்கவில்லை. "ஜாக்கெட் துணி கவுண்டருக்கு மாத்துங்க, ஒரு ஸ்டூல் குடுங்க, அரை மணி லேட்டா வந்து ராத்திரி அரை மணி கூட இருந்துடறேன்" என்று மூன்றே விஷயம் கேட்டாள். சூப்பர்வைசர் முணுமுணுத்தார், "உக்காந்து வியாபாரம் பண்ணினா கஸ்டமர் என்ன நினைப்பாங்க?" என்று. அப்போதுதான் நான் பேப்பரில் படித்ததைச் சொன்னேன். கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டமே திருத்தியிருக்கிறார்கள். முதலாளி யோசித்துவிட்டு, "சரிம்மா, மூணு மாசம் பார்க்கலாம்" என்றார்.

மூன்று மாதத்தில் மருந்தும் வேலை செய்தது. இன்றும் அதே கடையில்தான் இருக்கிறாள். பட்டுப்புடவைக்குக் கிடைத்த கமிஷன் போய்விட்டது, அந்த வருத்தம் உண்டு. ஆனால் மாதச் சம்பளம் நிற்கவில்லை. அவளுக்குப் போட்ட ஸ்டூலைப் பார்த்து மற்ற பெண்களும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

சகோதரிகளே, இரண்டு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள், சந்தா நாட்கள் சரியாக இருந்தால், நோய்க்கால விடுப்பில் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் பெறலாம். மூட்டுகள் நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டவர்கள் ஊனச் சான்றிதழுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு இருந்தால், 2016-ம் ஆண்டுச் சட்டப்படி அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீத ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கலாம்.

உங்கள் வீட்டிலும் ஒருத்தி காலையில் கை மடக்க முடியாமல் தவித்தால், "வேலையை விட்டுடு" என்று முதலில் சொல்லாதீர்கள். முதலில் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். பிறகு ஒரு தாளும் பேனாவும் எடுத்து அவள் பக்கத்தில் உட்காருங்கள்.

- ஒரு வாசகி