இராணுவத் தோட்டாப் பெட்டிகளும் அவற்றின் மறுபயன்களும்

இராணுவத்தினர் தேவை முடிந்து கழித்துவிடும் சாமான்களில், தோட்டாப் பெட்டியைப் போலப் பல துறையினரும் விரும்பி ஏற்பவை மிகச் சிலவே. அமெரிக்க நாட்டில் உபரிச் சாமான் கடைகளில் விலைக்கு வரும் இப்பெட்டிகள், படகோட்டிகளுக்கும் வானொலிக் கருவி வைத்திருப்போருக்கும் தச்சருக்கும் பயன்பட்டு வருகின்றன. இப்பயன்கள் யாவற்றிற்கும் அடிப்படை ஒன்றே. அது பெட்டி மூடிக்கொள்ளும் இறுக்கம். அவ்விறுக்கமே, அறியாது கையாண்டால், கேட்டிற்கும் காரணமாகும். இவ்விரண்டையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அமெரிக்கப் பெட்டி நம் நாட்டில் எங்கும் எளிதில் கிடைப்பதன்று. எனினும், ரப்பர் பட்டையும் அழுத்தித் தாழிடும் மூடியும் கொண்ட எந்த உலோகப் பெட்டிக்கும் இங்குக் கூறப்படுவன பொருந்தும்.

பெட்டியின் அமைப்பு

இவ்வகையில் மிகப் பரவலானது ‘எம்2ஏ1’ என்னும் பெட்டியாகும். 0.50 அங்குல இயந்திரத் துப்பாக்கிக்குரிய, சங்கிலியாகக் கோத்த 100 தோட்டாக்கள் இதில் அடங்கும். இதன் உட்புறம் ஏறத்தாழ 28 சென்டிமீட்டர் நீளமும், 14 சென்டிமீட்டர் அகலமும், 18 சென்டிமீட்டர் உயரமும் உடையது. எனவே கொள்ளளவு சுமார் 7 லிட்டர். வெறும் பெட்டியின் எடை இரண்டரைக் கிலோகிராமுக்குச் சற்றுக் குறையும்.

எஃகுத் தகட்டாலான மூடியின் உட்புறத்தில் கேஸ்கெட் எனப்படும் ரப்பர் பட்டை பொருத்தப்பட்டிருக்கும். பக்கத்திலுள்ள நெம்புத் தாழை அழுத்தும்போது, மூடி கீழே இழுக்கப்பட்டு, பெட்டியின் விளிம்பு ரப்பரில் பதிகிறது. வீட்டிலுள்ள பிரஷர் குக்கரின் கேஸ்கெட் நீராவியை வெளியேறவொட்டாது தடுப்பது போல, இது வெளியிலுள்ள ஈரத்தை உட்புகவொட்டாது தடுக்கிறது. ஆனால் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. குக்கருக்குப் பாதுகாப்பு வால்வு இருக்கிறது, இப்பெட்டிக்கு இல்லை.

இரு உபயோகங்கள்

அமெரிக்காவில் கொலராடோ ஆறு பாயும் கிராண்டு கான்யன் பள்ளத்தாக்கில், ரப்பர்ப் படகுகளில் பல நாள் பயணம் செய்வோர் புகைப்படக் கருவி, மருந்து, நாட்குறிப்பு ஆகியவற்றை இப்பெட்டிகளில் வைப்பர். மனிதக் கழிவைக் கரையில் விட்டுச் செல்லலாகாது என்பது அங்குள்ள விதி. ஆகவே, 20 மில்லிமீட்டர் குண்டுகளுக்கான பெரிய பெட்டிகளைக் கழிவுக்கலமாகவும் கொண்டனர். கழிவு அழுகும்போது வாயு உண்டாவதால், வெயிலில் இருந்த பெட்டியை மெல்லத் தாழ் தளர்த்தித் திறக்க வேண்டும் என்பதையும் அவர்கள் அனுபவத்தில் கற்றனர்.

மற்றொன்று ‘ஜியோகேஷிங்’ என்னும் புதையல் தேடும் விளையாட்டு. 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் குறிப்புகளின் துல்லியத்தைப் பொதுமக்களுக்கு வேண்டுமென்றே குறைத்து வந்த ஏற்பாட்டை அமெரிக்க அரசாங்கம் நீக்கிற்று. உடனே ஆரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியில் சில பொருள்களை வைத்து மறைத்து, இருப்பிடக் குறிப்பை வெளியிட்டார். பின்னர் இவ்விளையாட்டு பரவியபோது, மழையிலும் பனியிலும் காட்டில் கிடக்க வேண்டிய பொருளுக்குத் தோட்டாப் பெட்டியே சிறந்தது எனப் பலர் கண்டனர். ஆயினும், இராணுவ எழுத்துகள் பொறித்த பெட்டியைக் கண்டு வெடிகுண்டெனப் பொதுமக்கள் அஞ்சிப் போலீசாரை அழைத்ததும் உண்டு. பழைய குறிகளை வர்ணம் பூசி அழித்து, உள்ளே இருப்பது இன்னதெனப் பெட்டியின் மேல் எழுதிவைத்தல் இன்றியமையாதது.

ஈரம் உள்ளே சிறைப்படுதல்

பெட்டி நீர் புகாதது. ஆகவே அதிலிட்ட பொருள் ஈரமாகாது என்று கருதுவது இயல்பு. இஃது அரை உண்மையே. 30 டிகிரி சென்டிகிரேடில் நீராவி நிறைந்த ஒரு கன மீட்டர்க் காற்றில் ஏறத்தாழ 30 கிராம் நீர் உண்டு. அக்கணக்குப்படி 7 லிட்டர்ப் பெட்டியிலுள்ள காற்றில் இருப்பது 0.2 கிராம், அதாவது நான்கைந்து துளி மட்டுமே. ஆனால் மழைக்காலத்தில் ஒரு கிலோகிராம் காகிதம் தன்னுள்ளேயே 80 முதல் 100 கிராம் வரை நீரை ஏற்றிருக்கக்கூடும். அதனை அப்படியே அடைத்தால், வெளியேற வழியற்ற ஈரத்தில் பூஞ்சணம் வளரும். திறந்த அலமாரியில் பிழைத்திருக்கக்கூடிய பதிவேடுகள் மூடிய பெட்டியில் கெடுவது இதனாலேயே.

எனவே, முதலில் உலர்த்துக, பின்னர் அடைக்க. வறண்ட நாளில் தாள்களை நிழலில் காற்றாட விரித்துவைத்த பிறகே பெட்டியிலிட வேண்டும். உடன் ஒரு துணிப்பையில் சிலிகா ஜெல் வைக்கலாம். மிக ஈரமான காற்றில் அது தன் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு நீரை ஏற்கும். 120 டிகிரி உஷ்ணத்தில் சில மணி நேரம் காய்ச்சினால் மீண்டும் பயன்படும். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் வகையில் கோபால்ட் உப்பு இருப்பதால், அதனை மாணவர் கையில் கொடுத்தல் ஆகாது.

விதைகளுக்கும் இதே நியதி. விதையின் ஈரம் 5 முதல் 14 சதவீதத்திற்குள் இருக்கும்போது, ஒரு சதவீதம் குறையுந்தோறும் அதன் ஆயுள் ஏறக்குறைய இருமடங்காகும் என்பது விதை விஞ்ஞானிகள் கையாளும் பொதுக்கணக்கு. நன்கு உலர்ந்த விதைக்கு இறுக்கமான பெட்டி அரண். ஈர விதைக்கு அதுவே அழிவு.

காற்றின் அழுத்தம்

கடற்கரை ஊரில் மூடிய பெட்டியை 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகருக்குக் கொண்டு செல்வதாகக் கொள்வோம். அங்கு வெளிக்காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே. சிறிதும் கசியாத பெட்டியாயின், சுமார் 390 சதுர சென்டிமீட்டர்ப் பரப்புள்ள மூடியை உட்காற்று ஏறத்தாழ 140 கிலோகிராம் எடைக்கு நிகரான விசையுடன் மேல்நோக்கித் தள்ளும். வெயிலில் பெட்டியின் உஷ்ணம் 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு உயர்ந்தாலும் சுமார் 40 கிலோகிராம் விசை பிறக்கும். ஆதலின், முகத்தை விலக்கி, மூடியை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மெல்லத் தாழ் நீக்குக.

வகுப்பறையில் ஒரு சோதனை

பெட்டியின் இறுக்கத்தைச் சோதிப்பதையே ஆசிரியர்கள் ஒரு பாடமாக்கலாம். உலர்ந்த வெறும் பெட்டியை மூடி, வெதுவெதுப்பான நீருள்ள தொட்டியில் அமிழ்த்துக. பெட்டி தன் கன அளவுள்ள நீரை விலக்குவதால், அதனைக் கீழே நிறுத்த ஐந்தாறு கிலோகிராம் விசை வேண்டும். ஆர்க்கிமிடீஸ் விதியை மாணவர் தம் கையாலேயே உணர்வர். வெப்பத்தால் உட்காற்று விரிய, கசிவுள்ள இடத்தில் குமிழிகள் எழும். குமிழி எழுந்தால் ரப்பர்ப் பட்டையில் வெடிப்போ, விளிம்பில் நெளிவோ இருக்கிறதா எனப் பார்க்க வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

1. உரிய முறையில் காலி செய்து விற்கப்பட்ட பெட்டியை மட்டுமே வாங்குக. துப்பாக்கிப் பயிற்சிக் களங்களின் அருகே பழைய இரும்பு பொறுக்கியவர் வெடிக்காத குண்டுகளால் மாண்ட செய்திகள் நம் நாட்டில் உண்டு. வெளியில் கிடக்கும் பெட்டியைத் தொடாது போலீசாருக்கு அறிவிக்க வேண்டும்.

2. உணவுப் பொருளை இதில் வைத்தல் ஆகாது. பழைய வர்ணத்தில் ஈயம் அல்லது குரோமியம் கலந்திருக்கலாம். அதே காரணத்தால், வர்ணத்தை உலர்வாகச் சுரண்டுவதும், பெட்டியை அடுப்பாக்கி எரிப்பதும் தீங்கு தரும்.

3. பெட்ரோல், மண்ணெண்ணெய் முதலியவற்றை அடைக்க வேண்டாம். மூடிய பெட்டியைத் தீயின் அருகே வைக்கவும் வேண்டாம்.

4. லிதியம் மின்கலங்களை இதில் வைப்போர் முதலில் ரப்பர்ப் பட்டையைக் கழற்றிவிட வேண்டும். மின்கலம் பழுதுற்று எரியும்போது எழும் வாயுவுக்கு வழியில்லையேல் பெட்டியே வெடிக்கும்.

பெட்டியைப் பயன்படுத்துமுன் கேட்க வேண்டிய கேள்வி இது: உள்ளே வைக்கும் பொருள் ஈரத்தையோ வாயுவையோ வெளிவிடுமா? விடாது எனில் இறுக்கி மூடலாம். விடும் எனில், உலர்த்திய பின் மூட வேண்டும்; அல்லது ரப்பரை நீக்கி வழிவிட வேண்டும். ரப்பர்ப் பட்டையைச் சோதித்த தேதியை மூடியின் உட்புறத்தில் குறித்து வைத்து, ஆண்டுதோறும் மழைக்காலத்திற்கு முன் மறுபடியும் சோதிப்பது நலம்.